படித்துறையில் நீ உட்கார்ந்திருந்தது

அபர்டீன், ஸ்காட்லாந்து,
டிசம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. கருப்பட்டிக்கு நடுவே நீ மடித்து வைத்திருந்த கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. கோபப்படாதே.

தம்பிக்கு நாளையோடு மூன்று மாதம். இங்கே மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. இருட்டியதும் அழ ஆரம்பித்தால் எட்டு மணி வரை ஓயமாட்டான். பால் போதவில்லையோ, நான் தூக்குவதே சரியில்லையோ என்று பயந்து பயந்து வீட்டுக்குள்ளேயே நடப்பேன். கீழ்வீட்டுப் பாட்டி சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் வந்தேவிட்டார், ஒரு சட்டி பருப்பு சூப்போடு! உப்பு குறைவு. மிளகைப் பொடித்துப் போட்டு முழுவதையும் குடித்தேன்.

நம்ம ஊர் நர்ஸம்மா மாதிரி இங்கே ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கே வருகிறார். பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் 11 தடவை வருவாராம். எடை பார்த்துவிட்டு என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பெற்றவள் மனசு எப்படி இருக்கிறது என்று பார்க்க 10 கேள்விகள். 1987இல் இங்கே எடின்பரோவில் உருவாக்கியது. அழுகை வருகிறதா என்ற கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் சொன்னார்: "இந்த அழுகை ஆறு, எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்த் தானே குறையும். உன் வளர்ப்பில் குறை இல்லை. தாங்க முடியாவிட்டால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்சம் மூச்சு விடு, பிறகு போய்ப் பார்."

எனக்கு மனசு வரவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் செய்தேன். நானும் இப்படித்தான் கத்தினேன் என்றும், என்னை ஆச்சி கையில் போட்டுவிட்டு நீ படித்துறையில் போய் ஆற்றில் காலை விட்டு உட்கார்ந்திருப்பாய் என்றும் எழுதியிருந்தாயே. இத்தனை வருஷமாக இதை நீ சொன்னதே இல்லை. அன்று சாயங்காலம் அவனைப் படுக்க வைத்துவிட்டு, அடுப்படிக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகிற குளிர். திரும்பிப் போய் அவனைத் தூக்கும்போது கை நடுங்கவில்லை. இப்போது அவன் அழுகையெல்லாம் பிரித்துத் தெரிகிறது. தூக்கத்துக்கு என்றால் வலது காதைப் பிடித்து இழுப்பான்.

வாங்கிக்கொள்ள இங்கே ஓர் ஆச்சி கை இல்லையே அம்மா. அந்த நேரம் நீ வாசலில் வந்து நின்றால் போதும் என்றிருக்கும்.

சரி, அதை விடு. உளுந்தங்களி கிண்டினேன், உன் கருப்பட்டியில்தான். ஆறு மாதம் வரை பால் தவிர எதுவும் வேண்டாம் என்றதால் வசம்பு உரைத்துக் கொடுக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன், திறந்தால் நம் வீட்டு வாசம்.

பிசான நடவுக்கு ஆள் கிடைத்ததா? குத்தகை நெல் விஷயம் பெரியப்பாவிடம் அப்பா பேசினாரா? மைனி வளைகாப்புக்குச் சொன்ன பணம் பத்து நாள் தள்ளி வரும். இவருக்குச் சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் முடி இறக்க இந்த வருஷம் வர முடியாது. ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து வை.

எழுந்துவிட்டான். இது பசி அழுகை.

உன் மகள்