சரியான நரம்பு டாக்டரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

கோத்தகிரியில் என் அக்கம்பக்கத்தாருக்கும், தையல் கடைக்கு வந்துபோகும் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று உறுதியாகி, மருந்தும் ஆரம்பித்து, இப்போது மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். விசாரித்தவர்களிடம் எல்லாம் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். யார் யார் என்ன செய்தார்கள் என்பதை ஊரறியச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்கு. ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து, இது வெளிறின சரக்கு, வேறு பார்க்கிறேன் என்றேன். "நல்ல சிவப்பாத்தானே இருக்கு? ஒவ்வொரு கண்ணா மூடிட்டுப் பாரு" என்றார். இடது கண்ணுக்கு அது சிவப்பு, வலது கண்ணுக்கு மங்கிய பழுப்பு. கண்ணை உருட்டினால் வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. மறுநாளே கண் டாக்டரிடம் போகவைத்தார்.

அந்தக் கண் டாக்டருக்கும் நன்றி. இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது கண்ணாடியில் சரியாகாது, கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லி, கையோடு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பே கால் மரத்துப்போனதும், கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்ததும் உண்டு. வேறோர் இடத்தில் அதை டென்ஷன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலில் பார்த்த நரம்பு டாக்டரோ ஸ்கேன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் விலை உயர்ந்த ஊசி ஒன்றை எழுதி நீட்டினார். அவரைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

குன்னூர் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இதே நோயோடு பல வருஷமாக வாழ்கிறவர். போன் செய்ததும் டாக்டர் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "பேர் அப்புறம். முதல்ல என்ன கேக்கணும்னு எழுதிக்கோ" என்றார். இந்த நோய்க்காரர்களை நீங்கள் வழக்கமாகப் பார்க்கிறீர்களா? இது அதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்த மருந்து ஏன், வேறு என்ன இருக்கிறது? திடீரென்று கை கால் விழுந்தால் மலையில் இருக்கிற நான் யாருக்குப் போன் செய்வது? பிள்ளை பெறும் யோசனை இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லு, மருந்து மாறும் என்றார். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கிற டாக்டர் என்றால் எழுந்து வந்துவிடு என்பதும் அவர் சொன்னதுதான்.

அப்படித்தான் கோயம்புத்தூரில் இப்போதைய டாக்டரிடம் வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், முட்டியில் தட்டினார், அப்புறம் ஒரு கேள்வி: "மலையில எப்படி இருக்கீங்க, கீழ வந்தா எப்படி இருக்கீங்க?" மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் எனக்குக் கண் மங்கும், கால் பின்னும். குஞ்சப்பனை தாண்டி மேலே ஏற ஏறச் சரியாகிவிடும். வீட்டில் என் மாமியாரைத் தவிர இதை யாரும் நம்பவில்லை. இந்த டாக்டர் நம்பினார். நரம்பின் மேலிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது. உறை போன கரண்ட் ஒயர் மாதிரி ஆன நரம்பில், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் சேதி சரியாகப் போகாது. இது புதுத் தாக்குதல் இல்லை, உடம்பு குளிர்ந்தால் போய்விடும் என்றார். ஜெர்மன் கண் டாக்டர் ஊட்ஹாஃப் 1890-லேயே எழுதிவைத்ததாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதைவிடப் பெரிய விஷயம், அவர் அவசரப்படவில்லை. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்று இன்னொரு நோய் இருக்கிறது. அதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். என் நோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் அந்த நோயை முற்றவைத்துவிடும். முதல் டாக்டர் எழுதிய இன்டர்ஃபெரான் ஊசியும் அந்த வகைதான். 2004-ல் கண்டுபிடித்த எதிர்ப்பொருளை வைத்து ரத்தத்தில் அதைச் சோதிக்கலாம் என்று அக்வாபோரின்-4 சோதனைக்கு எழுதினார். இதே மாதிரி கண் நரம்பைத் தாக்கும் இன்னொரு நோய்க்கான மாக் சோதனை, பி12 அளவு, முதுகுத் தண்டு நீர் எல்லாம் பார்த்த பிறகுதான் நோயின் பெயரை உறுதியாகச் சொன்னார்.

மருந்து விஷயத்திலும் எங்கள் பச்சைத் தேயிலை வருமானத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேசினார். இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கும் ரிட்டுக்ஸிமாப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றலாம் என்றும், அதற்கு முன் மஞ்சள் காமாலை பி-யும் காசநோயும் இல்லை என்று பார்த்தாக வேண்டும் என்றும், ஏற்றும்போது என்ன தொந்தரவு வரலாம் என்றும் தமிழில் விளக்கினார். வெயில் ஏறுவதற்குள் நான் திரும்பிவிட வேண்டும் என்று காலை முதல் டோக்கனைத் தரும் அவருடைய ரிசப்ஷன் தங்கச்சிக்கும் நன்றி.

அந்த டோக்கனுக்காக இருட்டோடு காரை எடுக்கும் டாக்ஸி அண்ணனுக்கும், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முன் சீட் பிடித்துத் தரும் கண்டக்டர் தம்பிக்கும், கடைக்கே வந்து ரத்தம் எடுத்து ரிப்போர்ட்டைக் கீழே அனுப்பிவிடும் லேப் தம்பிக்கும் நன்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு என்று சொல்லி, சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வைத்தவர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னேன், வேண்டாம் என்கிறார். அளவு எனக்குத் தெரியும், தைத்துவிட்டேன்.

குன்னூர் அக்காவின் கேள்விகளை நகல் எடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குக் கேட்டுக் கார்த்திகைக்கும் கிடைக்காமல் பொறுத்துக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி. ரவிக்கைகள் எல்லாம் தயார், சீட்டைக் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கி மட்டும் இன்னும் சிலதுக்குக் கட்ட வேண்டும்.