கிளிமஞ்சாரோ: எந்தப் பாதை? ஞாயிறுக்குள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கிளிமஞ்சாரோ மலையில் எந்தப் பாதையில் ஏறுவது என்ற விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். வழிகாட்டி இல்லாமல் ஏற அங்கே அனுமதி கிடையாது. அதனால் ஞாயிறுக்குள் முடிவானால்தான் முன்பதிவு செய்ய முடியும்.

மரங்கு பாதைக்குத்தான் இதுவரை நிறைய ஓட்டு. கூடாரம் வேண்டாம், குடிலில் படுக்கலாம், 5 நாளில் முடித்துவிடலாம், செலவும் குறைவு. சரிதான். ஆனால் உச்சி 5,895 மீட்டர். 5 நாளில் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகாது. பாதி வழியில் வாந்தியும் தலைவலியுமாகத் திரும்பினால் மிச்சம் பிடித்த பணம் எதற்கு?

என் ஓட்டு லெமோஷோவுக்கு, 8 நாள். மேற்கிலிருந்து ஷிரா மேட்டுநிலத்தைக் கடந்து போகும். லாவா டவர் என்ற பாறைக்குன்று வரை, சுமார் 4,600 மீட்டர், ஏறிவிட்டு அன்றே பரங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவோம். அது ஏறக்குறைய 600 மீட்டர் தாழ்வு. பகலில் உயரம் ஏறி இரவில் கீழே தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும். மச்சாமே பாதையிலும் இது உண்டு, ஆனால் நாள் குறைவு, கூட்டம் அதிகம்.

ரொங்காய் வடக்குப் பக்கம், மழை குறைவு. ஏப்ரலில் போவதென்றால் அதைப் பேசலாம். நாம் போவது ஆகஸ்டில்.

விடுப்பு கிடைக்காதவர்கள் சொல்லுங்கள், 7 நாளாக்கிப் பார்க்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். அப்புறம், முழங்கால் வலி உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். லெமோஷோவில் ஏறினால் இறங்குவது ம்வேகா என்ற பாதை வழியாக. அந்த இறக்கம் நீளமானது, செங்குத்தானது.