என்னோடுகூட விழித்திருங்கள்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். உனக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

போன வாரம் போனில் நீ சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. "விழித்திருங்கள் என்ற வசனத்தைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது அப்பா. எப்போது தவறுவேன், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஆண்டவர் காத்திருப்பது போல இருக்கிறது. ஏற்கெனவே களைத்துப்போய்க் கிடக்கிறேன், இதில் விழிப்பு வேறா?" என்றாய். அவசரமாக ஒரு பதில் சொல்லி முடித்துவிடக் கூடாத கேள்வி இது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாக வாசி.

முதலில், அந்த வார்த்தை எங்கே, யாரிடம் சொல்லப்பட்டது என்று பார். மாற்கு 13. இயேசு ஒலிவமலையில் தேவாலயத்துக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார். பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா என்ற நான்கு பேர் தனியாக வந்து, தேவாலயம் இடிக்கப்படும் என்றீரே, இவையெல்லாம் எப்போது நடக்கும் என்று கேட்கிறார்கள். அவர் நிறையச் சொல்கிறார். ஆனால் தாம் திரும்பி வரும் அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார்கள், குமாரனும் அறியார் என்று சொல்லிவிட்டு, ஒரு சின்ன உவமையோடு முடிக்கிறார். வீட்டு எஜமான் தூரதேசத்துக்குப் போகிறான். போகும்போது ஊழியக்காரர்களுக்கு அதிகாரம் கொடுத்து, அவனவனுக்கு அவனவன் வேலையையும் நியமித்து, காவல்காக்கிறவனிடம் விழித்திருக்கச் சொல்கிறான்.

அந்த வீட்டில் எல்லோரும் வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கவனித்தாயா? ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எஜமான் திரும்பி வருவார் என்ற நினைப்போடு அந்த வேலையைச் செய்வதும் விழித்திருப்பதில் சேர்ந்ததுதான். உன் ஆபீஸ் வேலையை நேர்மையாகச் செய்துவிட்டு அசந்துபோய் வீடு திரும்புகிறாயே, அந்த நாளை விழிப்பில்லாத நாள் என்று நீயாகக் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

அப்புறம் இயேசு சொல்கிறார்: எஜமான் சாயங்காலத்திலோ, நடுராத்திரியிலோ, சேவல்கூவும் நேரத்திலோ, காலையிலோ வரலாம். ரோமர்கள் இரவைப் பிரித்த நான்கு ஜாமங்கள் இவை. இதை வாசித்த கையோடு அடுத்த அதிகாரத்தையும், 15ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் வாசித்துப் பார். சாயங்காலத்தில் இயேசு பன்னிருவரோடு பந்தியிருக்கிறார், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார். இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஜெபம். சேவல் கூவும் நேரத்தில் பேதுரு மறுதலிக்கிறான். விடிந்ததும் அவரைப் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுக்கிறார்கள். அந்த நான்கு ஜாமங்களும் அந்த ஒரே ராத்திரியில் வந்துவிட்டன! வேத அறிஞர்கள் பலர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மாற்கு தெரிந்தேதான் அப்படி வரிசைப்படுத்தினார் என்றே நானும் நம்புகிறேன். உலகத்தின் முடிவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, வானத்தில் அடையாளம் தேடவேண்டிய அவசியமில்லாமல், ஒரு பந்தியிலும் ஒரு தோட்டத்திலும் குளிர்காயும் நெருப்பின் பக்கத்திலும் விழிப்பு சோதிக்கப்பட்டது.

கெத்செமனேயில் கொஞ்ச நேரம் நிற்போம். உன் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒலிவமலையில் கேட்ட நால்வரில் மூன்று பேரை இயேசு தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். விழித்திருங்கள் என்று கேட்கிறார். மத்தேயு இதை எழுதும்போது "என்னோடேகூட" என்று சேர்க்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மத்தேயு 26ஐத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். கையும் களவுமாகப் பிடிக்க வருகிறவர் இப்படியா பேசுவார்? துக்கத்தில் இருக்கிறவர், பக்கத்தில் இருங்கள் என்று நண்பர்களைக் கேட்கிறார். அவர் அவர்களிடம் கேட்டது துணையை.

அவர்களோ தூங்கிவிட்டார்கள். ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் காரணம் சொல்கிறார்: துக்கத்தினாலே. அலட்சியத்தால் என்றோ அவிசுவாசத்தால் என்றோ அவர் எழுதவில்லை. மனம் தாங்க முடியாததைச் சுமக்கும்போது உடம்பு படுத்துவிடும், அது உனக்கும் தெரியும். "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா? ஒரு மணி நேரம் நீ விழித்திருக்கக்கூடாதா?" என்று கேட்டவர், அடுத்த மூச்சிலேயே, "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்கிறார். அவர்களுடைய களைப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபியுங்கள் என்றதும் அதனால்தான். பலவீனம் இல்லாதவனுக்கு விழிப்பும் ஜெபமும் எதற்கு? மூன்று முறை வந்து பார்த்தும் தூங்கிக்கொண்டிருந்தவர்களிடம் கடைசியாக அவர் சொன்னது, "எழுந்திருங்கள், போவோம்" என்பது. போவோம் என்றார், அம்மா. நீங்கள் வேண்டாம், நான் தனியாகப் போகிறேன் என்று அவர்களை அங்கேயே விட்டுவிடவில்லை.

ஆகவே களைப்பைப் பாவமாக எண்ணாதே. சோம்பேறியின் தூக்கத்தை நீதிமொழிகள் கண்டிக்கிறது, ஆனால் களைத்த உடம்பின் தூக்கத்தை வேதம் பழிப்பதில்லை. மத்தேயு 25இல் புத்தியுள்ள ஐந்து கன்னிகைகளும் தூங்கினார்கள். மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. தூங்கப் போகும் முன் எண்ணெய் கையில் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். புயலடிக்கும்போது இயேசுவே படகில் தலையணை வைத்துத் தூங்கினார். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் அதட்டவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், பிறகும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா என்று சொல்லும் 127ஆம் சங்கீதமே, அடுத்த வசனத்தில், அவர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிறது. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்காததால்தான் நாம் உறங்க முடிகிறது. ராத்திரி வேளையோடு படுத்துத் தூங்கு.

அப்படியானால் எந்தத் தூக்கத்தைப் பற்றி வேதம் எச்சரிக்கிறது? இதற்கு எனக்குச் சர்தை பட்டணத்தைவிட நல்ல உதாரணம் தெரியாது.

வெளிப்படுத்தின விசேஷம் 3இல் சர்தை சபைக்கு எழுதச் சொல்லும்போது, "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று ஆண்டவர் சொல்கிறார். விழித்துக்கொள், விழித்திராவிட்டால் திருடனைப்போல் உன்மேல் வருவேன் என்கிறார். சர்தை இன்றைய துருக்கியில் இருந்த பட்டணம், பழைய லீதியா ராஜ்யத்தின் தலைநகரம். அதன் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜாவான கோரேஸ் அதை முற்றுகையிட்டான். கோட்டை வீரன் ஒருவன் கீழே விழுந்த தலைச்சீராவை எடுக்கச் செங்குத்துப் பாறை வழியாக இறங்கி ஏறியதைப் பாரசீகன் ஒருவன் பார்த்துவிட்டான் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்தப் பக்கம் யாரால் ஏற முடியும் என்று காவலே போடவில்லை. அந்த வழியாகத்தான் பட்டணம் விழுந்தது. பட்டணத்தார் பாடம் கற்றார்களா? முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு செலூக்கிய ராஜாவான மூன்றாம் அந்தியோகஸ் முற்றுகையிட்டபோது, மதிலின் ஒரு பகுதியில் கழுகுகள் பயமில்லாமல் வந்து உட்காருவதைக் கண்டு, அங்கே ஆள் காவல் இல்லை என்று ஊகித்து ஏறிவிட்டார்கள். மறுபடியும் அதே கதை.

அந்த ஊரார் எதிரிக்குப் பயப்படாமல் இல்லை. பலவீனமான பக்கங்களில் காவல் இருந்தது. பலமான பக்கத்தைத்தான் விட்டுவிட்டார்கள். வேதத்தில் விழுந்தவர்களைப் பார்த்தாலும் இதே மாதிரிதான். பூமியில் எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று பெயர் வாங்கிய மோசே, மேரிபாவில் கோபத்தில் கன்மலையை அடித்தான். உயிரையும் கொடுப்பேன் என்ற தைரியசாலி பேதுரு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னால் நடுங்கினான். யுத்தவீரனான தாவீது, ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் எருசலேமிலேயே இருந்துவிட்டான். உப்பரிகையில் உலாவி, இன்னொருவன் மனைவியைக் கண்டு விழுந்த அந்தச் சாயங்காலம் அவனுக்கு எந்த அபாயமும் கண்ணில் படவில்லை. நிற்கிறேன் என்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கட்டும் என்று பவுல் சொன்னது இதைத்தான்.

உன்னிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நீ எங்கே பலவீனம் என்று நினைக்கிறாயோ அங்கே உனக்குக் கவனம் இருக்கிறது, எனக்குத் தெரியும். உன் பலம் உன் பொறுப்புணர்வு. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாமல் சுமப்பாய். அந்தப் பக்கத்தையும் அவ்வப்போது எட்டிப் பார். லூக்கா 21:34இல் இருதயத்தைப் பாரமாக்குகிறவை என்று மூன்றை ஆண்டவர் சொல்கிறார்: பெருந்திண்டி, வெறி, லவுகீகக் கவலைகள். குடிவெறியோடு ஒரே வரிசையில் கவலையையும் வைத்திருக்கிறார். மற்ற இரண்டையும் பார்த்து முகம் சுளிக்கும் நல்ல பிள்ளைகள் மூன்றாவதைக் கடமை என்று நினைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கவலையை என்ன செய்வது என்று பேதுருவிடமே கேள். தோட்டத்தில் தூங்கிய அதே பேதுருவின் பெயரில் இருக்கும் முதல் நிருபம்தான் (1 பேதுரு 5) நமக்குச் சிங்கத்தைப் பற்றிச் சொல்கிறது. "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்", எதிராளி கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்ற வசனத்தை வைத்துப் பயமுறுத்தும் பிரசங்கங்களை நீ சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறாய். அவர்கள் பெரும்பாலும் எட்டாம் வசனத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏழாம் வசனத்தில் ஆரம்பி. அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள். முதலில் அது, அதற்குப் பிறகுதான் சிங்கம். கவலையை இறக்கி வைத்தவனால்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பயந்து நடுங்குகிறவனுக்கு நிழலெல்லாம் சிங்கமாகத் தெரியும். நிஜமான சிங்கம் வரும்போது அவனிடம் தெம்பு இருக்காது. இன்னும் ஒன்று: அடுத்த வசனத்தில், உலகத்திலுள்ள சகோதரரும் இதே பாடுகளை அனுபவிக்கிறார்கள் என்கிறார். தனியாகக் காவல் காக்க யாரையும் அவர் சொல்லவில்லை. அங்கே உனக்குச் சேர்ந்து ஜெபிக்க ஒருவராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் தேடிக்கொள்.

தேதி குறிக்கிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து, மனம் உடைந்துபோனார்கள். அவர்களுடைய ஏக்கத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். ஆனால் நாள் தெரிந்துவிட்டால் மற்ற நாட்களில் விழித்திருக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. நாள் தெரியாது என்று அவர் சொன்னதே எல்லா நாளையும் அவருக்குரியதாக்கத்தான்.

நான் தினமும் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். ராத்திரி படுக்கும்முன் அன்றைய நாளை ஒருமுறை ஆண்டவர் முன் நினைத்துப் பார்க்கிறேன். எங்கே மனம் கனத்தது, எங்கே சினந்தது, எங்கே சந்தோஷப்பட்டது என்று. நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பேன். கொலோசெயருக்கு எழுதும்போது, ஸ்தோத்திரத்தோடே ஜெபத்தில் விழித்திருங்கள் என்கிறார் பவுல். நன்றியில்லாமல் தன்னையே தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பது விழிப்பாகாது, அது ஒரு விதமான வதை. பத்து நிமிஷம் போதும். போனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்.

கையும் களவுமாகப் பிடிக்க வருகிறார் என்றாயே, அதற்கு லூக்கா 12:37ஐ வாசி. எஜமான் வந்து, ஊழியக்காரர் விழித்திருப்பதைக் கண்டதும் என்ன செய்கிறான் தெரியுமா? அவனே அரைகட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியில் உட்காரவைத்து, கிட்ட வந்து அவர்களுக்குப் பரிமாறுகிறான். அந்தக் காலத்து வீடுகளில் எந்த எஜமானும் செய்யாத காரியம். நீ பிள்ளையாக இருந்தபோது நான் வீடு திரும்பும் சத்தம் கேட்டால் கதவுக்கு ஓடி வருவாயே, அப்போது உனக்குப் பயமா இருந்தது? வரப்போகிறவர் யார் என்று தெரிந்திருந்தால் காத்திருப்பது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று 130ஆம் சங்கீதக்காரன் பாடுகிறானே, அந்தப் பாட்டு ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆழத்தில் இருந்துகொண்டே ஒருவன் ஆசையோடு காத்திருக்க முடிந்திருக்கிறது.

இந்த வாரம் மாற்கு 13ஐயும் 14ஐயும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, பேதுருவைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுது. என்னோடு ஒத்துப்போகாவிட்டாலும் எழுது. அம்மா உன் குரலைக் கேட்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
அப்பா