உள்ளூர் உணவு ஆர்டர் சேவையை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களின் செயலிகள் எத்தனையோ இருந்தும், நம் ஊர்க்காரர்கள் நடத்துவது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் சேவையில் ஆர்டர் செய்பவர்களுள் நானும் ஒருவன். விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை, பள்ளி விழாவுக்கு நன்கொடை என்று நீங்கள் செய்துவருவதை அனைவரும் அறிவோம். அவற்றைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. ஆனால், ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை உங்கள் அன்றாடத் தொழில் நடைமுறையிலேயே இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்துறையில் ஆர்டர் தொகையில் 15 முதல் 30 விழுக்காடு வரை கமிஷன் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அதோடு முடிவதில்லை. பணப் பரிமாற்றக் கட்டணம், தள்ளுபடியில் கடைக்காரரின் பங்கு, பட்டியலில் மேலே காட்டுவதற்கான விளம்பரக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு கணக்குத் தாளின் கடைசி வரியில் மிஞ்சுவது, சிறிய உணவகங்களுக்குச் சரக்குச் செலவுக்கும் ஆள் கூலிக்குமே கட்டுபடியாவதில்லை. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், டெலிவரி கமிஷன் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும் வரம்பு விதித்ததை நீங்கள் அறிவீர்கள். சட்டம் வரட்டும் என்று காத்திராமல், உங்கள் கமிஷன் எவ்வளவு, அதில் எது எதற்குப் போகிறது என்பதை ஆர்டர் செய்பவர்களும் பார்க்கும்படி நீங்களே வெளியிட வேண்டும். கடைக்காரரின் சம்மதம் இல்லாமல் தள்ளுபடிச் சுமையை அவர் தலையில் கட்டவும் கூடாது.

உணவு கொண்டுவரும் தொழிலாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவு தயாராகும் வரை, வெயிலானாலும் மழையானாலும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடை வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. சமையலறையில் நேர்ந்த தாமதத்துக்கும் ரேட்டிங் குறைவது அவர்களுக்குத்தான். உணவு எடுக்க வரும் டெலிவரி தொழிலாளர்களை உணவகங்கள் தங்கள் கழிப்பறையைப் பயன்படுத்த விட வேண்டும் என்று நியூயார்க் நகர மன்றம் 2021-இல் சட்டமே இயற்ற வேண்டிவந்தது என்றால், இத்தொழிலில் மனித மரியாதை எந்த அளவுக்குக் கைவிடப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். குடிநீர், கழிப்பறை, உட்கார ஓர் இருக்கை ஆகியவற்றை உணவகங்களோடு போடும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க உங்களால் முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. காத்திருப்பு ஊதியத்துக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. அதில் ஒரு பங்கை டெலிவரி கட்டணத்தில் சேர்த்து, இன்னதற்கு என்று ரசீதில் தெளிவாகக் குறிப்பிட்டால், நான் மனமுவந்து கொடுப்பேன். என்னைப் போலக் கொடுப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

ரத்தாகும் ஆர்டர்களையும் கவனியுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 29 கோடி டன் உணவகம் முதலான உணவுச் சேவைத் துறையில் வீணானது. அதற்காக, ரத்தான பொட்டலங்களை நேரம் கடந்த பின் எவருக்கோ கொடுத்துவிட்டுத் தொண்டு என்று சொல்வதை ஏற்க முடியாது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எந்த வண்டி எங்கே இருக்கிறது என்பது உங்கள் செயலிக்கு நொடிக்கு நொடி தெரியும். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதி, வாங்கிக்கொள்ள முன்பே சம்மதித்த அருகிலுள்ள காப்பகத்துக்கு உடனே அனுப்பி, கொண்டுசேர்த்தவருக்கு உரிய கூலியையும் கொடுப்பது உங்களுக்குக் கடினமான வேலையல்ல.

கடைசியாக, பணம் செலுத்தும்போது நன்கொடைக் கட்டத்தில் முன்னதாகவே டிக் அடித்து வைத்திருக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த வகையில் இதுவரை எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் சேர்ந்தது என்ற கணக்கையும் உங்கள் பதிலோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவன்