தென்னாப்பிரிக்காவில் ஜிம்பாலியில் இருக்கும் செந்திலுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா அறுப்பு முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

புதன்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது இங்கே மணி ஒன்றரை. உனக்குக் காலை பத்து. நீ பனியனோடு உட்கார்ந்திருந்தாய். பின்னால் கோல்ஃப் வண்டி ஒன்று போயிற்று. லீவு என்றாய். அதற்கு முந்தைய வாரமும் அதே நேரம், அதே நாற்காலி. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கு வந்திருந்தபோது விடிந்தால் உன் வீட்டு மாடியில்தான் நிற்பேன். கடலிலிருந்து சூரியன் வரும். ஈரம் காய்வதற்குள் கோல்ஃப் மைதானத்துக் கிரீனில் புல் வெட்டும் மிஷின் ஓட்டுவார்கள். போன தடம் வெளிறியும் வந்த தடம் கறுத்தும் புல்லில் பட்டை பட்டையாகத் தெரியும். நம் நாற்றங்காலைக்கூட அவ்வளவு சீராக நான் பார்த்ததில்லை. 1860-லிருந்து நம் ஜனங்கள் சென்னையில் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டிய நேட்டால் கரை அது. அங்கே என் பிள்ளை வீடு வாங்கியிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

ஆனால் சொந்த வீட்டுக்கு மாதாமாதம் லெவி என்று பராமரிப்புப் பணம், அதற்குமேல் கோல்ஃப் கிளப் சந்தா. அப்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை. கிளப்பை விட்டுவிடு. லெவியை மட்டும் பாக்கி வைக்காதே. யாராவது குறைவாக நினைத்தால் நினைக்கட்டும்.

டர்பன் கோயிலில் ஒரு பெரியவர் பாப்வா செவ்கோலத்தைப் பற்றிச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மட்டை சுமந்த பையன். எல்லோரும் வலக்கையைக் கீழே பிடிக்க, அவர் இடக்கையைக் கீழே பிடித்து ஆடினார். 1959-இல் டச்சு ஓப்பன் போட்டியை ஜெயித்தார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் ஜெயித்தபோது, இந்தியர் என்பதால் கிளப்புக்குள் விடாமல் வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே கிளப்பில் பெரிய ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். மழையில் நின்றதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? வெளியே நிறுத்தியவர்களுக்குத்தான் வெட்கம். இதை நன்றாக யோசித்துப் பார்.

சுதா முகம் வாடியிருந்தது. அவளிடம் எதையும் மறைக்காதே. சின்னவன் ஸ்கூல் ஃபீஸ் எப்போது கட்ட வேண்டும் என்று மட்டும் எழுது. நெல் பணம் வந்திருக்கிறது. எனக்கு இப்போது ஒரு செலவும் இல்லை. கிளப் சந்தாவை நிறுத்திவிடு. சாப்பாட்டில் மட்டும் குறைக்காதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், வர எட்டு மணி ஆகும். நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அப்பா