தனிநபர் சீட்டில் ஒரு வரி

அன்புள்ள கயல்,

போனில் நீ அழுதது எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். தெரிந்தது. அப்பா பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் நோட்டைக் கிழித்து எழுதுகிறேன்.

முதியவர்களைப் பராமரிக்கிற பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக உங்கள் பேராசிரியருக்கு வந்துகொண்டிருந்த மானியத்தை நிறுத்திவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்கும்போது ‘பெண்கள்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று பேசிக்கொள்கிறீர்கள். இதுதானே? 2025 தொடக்கத்தில் அங்கே அமெரிக்காவில் ஆராய்ச்சித் திட்டங்களைச் சலிக்க வைத்திருந்த சொற்பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தான். அன்றைக்குச் சிரித்தேன், பைத்தியக்காரத்தனம் என்று.

படிவத்தில் ஒரு சொல் இருந்தால் என்ன, போனால் என்ன என்பது எனக்குத் தெரியும். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தவள் நான். பிப்ரவரி 9 முதல் 28 வரை. பள்ளிக்கூடம் விட்டதும் தோள்பையில் ஆளுக்கு ஒன்றாக நிரப்புகிற தனிநபர் சீட்டுக்கட்டோடு கிளம்பிவிடுவோம். அதில் ‘போன வருஷத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா’ என்று ஒரு கேள்வி. அந்த முறைதான் அதோடு ஒரு துண்டு சேர்த்திருந்தார்கள்: சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்ததும் வேலைதான் என்கிற அர்த்தத்தில்.

ஒரு வீட்டில் திண்ணையில் புருஷன் உட்கார்ந்திருந்தார். சம்சாரம் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். ‘வீட்டுக்காரம்மா என்ன வேலை பாக்குறாங்க?’ என்றேன். ‘அவ சும்மாத்தான் இருக்கா டீச்சர்’ என்றார். முறம் நிற்கவே இல்லை. நான் அந்தத் துண்டைப் படித்துக் காட்டினேன். அவள் தூசியைத் துடைத்துக்கொண்டு, ‘நடவு நட்டது, களை எடுத்தது, மாட்டுக்குப் புல் அறுத்தது, இதெல்லாமா எழுதுவீங்க?’ என்று கேட்டாள். ‘எழுதச் சொல்லியிருக்கு’ என்றேன். புருஷனுக்குக் கோபம் இல்லை, வேடிக்கையாகத்தான் பார்த்தார். ஆனால் அவள் எழுந்து வந்து என் சீட்டை எட்டிப்பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இதுவரை உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. கடைசி மூன்று நாளில் கால் வீங்கிவிட்டது. மேலே இருந்தவர் ஒருத்தர், ‘பொம்பளைங்களுக்கெல்லாம் வீட்டு வேலைன்னு போட்டு முடிச்சுக் குடுங்க’ என்றார். பாக்கியிருந்தது ஒரு தெரு. வயல் வேலைக்குப் போகாத பெண்ணே அங்கே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெயர், வயசு மட்டும் கேட்டுக்கொண்டு, அத்தனை பேரையும் வேலை செய்யாதவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த அரசும் என்னை மிரட்டவில்லை கயல். கால் வலித்தது, அவ்வளவுதான்.

அந்தத் துண்டு அங்கே வந்து சேர்வதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் மன்றாடினார்கள் என்று உன் புத்தகங்களைப் படித்துத்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். 1971ல் அரசே பெண்கள் நிலை பற்றி ஒரு குழு போட்டது. குழுவின் செயலாளராக இருந்த வீணா மஜூம்தாரும் மற்றவர்களும் 1974 கடைசியில் அறிக்கையை முடித்தார்கள். 1901ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971ல் 930. சுதந்திரம், அரசியல் சட்டம், ஓட்டு எல்லாம் வந்த பிறகும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று, குழுவைப் போட்ட அரசிடமே போய்ச் சொன்னார்கள். ஆறே மாசத்தில் நெருக்கடி நிலை வந்துவிட்டது. அந்த ஆட்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் விடாமல் தொணதொணத்ததில் 1991ல் அந்த ஒரு வரி கிடைத்தது. வேலை செய்யும் பெண்கள் 1981ல் நூற்றுக்கு 19.7 என்றிருந்தது 22.3 ஆனது. கூடியது அத்தனையும் அந்த வரியால்தான் என்று சொல்ல மாட்டேன். என் சீட்டுகளும் அதில்தானே இருக்கின்றன.

கேத்லீன் கஃப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். 1950களின் தொடக்கத்தில் நம் தஞ்சாவூர்க் கிராமங்களில் வந்து தங்கி, யார் நிலம், யார் உழைப்பு என்று எழுதிய வெள்ளைக்கார அம்மா. 1962ல் கியூபா விவகாரத்தில் அமெரிக்காவை எதிர்த்துப் பேசியதால் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்தது. வகுப்பில் மார்க் குறைந்த பையன்களைப் படைக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்த வியட்நாம் காலத்தில், நான் போடுகிற மார்க் அதற்குப் பயன்பட வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் 1967ல் கனடாவுக்கே போய்விட்டார்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் மார்க் போட்டவள். 34 வாங்கினவனுக்கு 35 போட்டிருக்கிறேன், அது வேறு கதை. ஆனால் மார்க்கு என்றால் என்ன பாரம் என்று தெரியும். கனடாவிலும் ஒரு துறைத் தகராறில் அவருக்கு வேலை போனது. 1976ல் மறுபடி நம்மூர்ப் பக்கம் வந்து அதே கிராமங்களைப் பார்த்தார். அவர் எழுதிய கும்பபேட்டையை மேப்பில் தேடினால் கிடைக்காது. பேரை மாற்றிவிட்டுத்தான் எழுதினார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ‘குடும்பங்கள்’ என்று போடுங்கள், ‘பராமரிப்பு’ என்று போடுங்கள். தலைப்புக்காகச் சண்டை போட்டு வருஷத்தைத் தொலைக்காதீர்கள். உன் பேராசிரியர் இதைக் கோழைத்தனம் என்பார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கேள்வித்தாளில் கைவைக்க விடாதே. முதியவர்களைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைக்கும் அந்தப் பெண்களிடம் ‘கூலி வராத மணிநேரம் எத்தனை’ என்று கேட்கிற கேள்வி போய்விட்டால், மானியம் வந்து என்ன ஆகப்போகிறது? அப்புறம், அந்த நாட்டில் தங்கப் பேப்பர் இல்லாதவர்கள் சில பேர் என்றாயே, அவர்கள் பெயரும் முகவரியும் பேட்டி நோட்டிலேயே இருக்கிறதா? முதலில் அதைப் பிரித்து வை. உன் கையெழுத்துப் பிரச்சினை அதற்கப்புறம்தான்.

கூட்டறிக்கையில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். போட்டுவிட்டுத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாணவர் பத்திரிகையில் எழுதிய அந்தத் துருக்கிப் பெண்ணை முகமூடிக்காரர்கள் தெருவில் வைத்துப் பிடித்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா சேனலை மாற்றிவிட்டார். வக்கீல் நம்பரைப் போனில் மட்டும் வைத்திருக்காதே, மனப்பாடம் செய். ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடு. பொங்கலுக்கு வராவிட்டால் பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதத்தான் முடிகிறது.

இங்கே 2027ல் கணக்கெடுப்பு. இந்த முறை நான் நடக்க வேண்டியதில்லை, வாசலில் நின்று பதில் சொன்னால் போதும். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், என் வரிக்கு நான்தான் பதில் சொல்வேன் என்று. ‘பென்ஷன்தானே, அதில் சொல்ல என்ன இருக்கு?’ என்கிறார். மனிதர் தோசை தின்றுகொண்டே கேட்கிறார், நான் மாவாட்டிய தோசையை.

அன்புடன்,
அம்மா