பேரனுக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போறவுக

ஆத்தா,

நேத்து நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. டிராம்ல உக்காந்து வாண்டுமாமாவோட சிறுவர் கதை படிச்சுக்கிட்டு இருந்தியாம், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு எட்டிப் பாத்துட்டு என்ன இது பொம்மை போட்ட புக்கா இருக்குன்னு கேட்டாளாம், நீ படக்குன்னு இது எங்க அக்கா மகனுக்கு அனுப்ப வாங்குனதுன்னு சொல்லிட்டியாம். உனக்கு ஏதுடி அக்கா? உங்கப்பாகிட்ட கேட்டேன், தனக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டாக. போன்ல இத விவரமா பேசலாம்னா நீ மீட்டிங் இருக்கும்மான்னு வச்சுருவ, அதான் டைப் பண்றேன், நீட்டமாத்தான் இருக்கும், அந்த டிராம்லயே உக்காந்து படி.

இந்தப் பொய் எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கிளை நூலகத்துல உக்காந்திருந்த அத்தனை வருஷமும் இத ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போயிருக்காக. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் வாரம் தவறாம வருவாக, உனக்குக் கூட ஞாபகம் இருக்கும், குடைய வாசல்ல சாத்திட்டு நேரா சிறுவர் பகுதிக்குப் போவாக, அம்புலிமாமா வருஷக் கணக்குல பைண்டு பண்ணி வச்சிருந்தோம்ல அதுல ஒண்ண எடுத்துட்டு வந்து பேரனுக்கும்மான்னு சொல்லிட்டே ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடுவாக. பேரன் துபாய்ல இருக்கான்னு ஊருக்கே தெரியும். துபாய்க்காரப் பையன் அடுத்த வாரமே படிச்சு முடிச்சு திருப்பிக் குடுத்துருவானாக்கும்! நான் ஒரு நாளும் கேட்டதில்ல, தம்பி நல்லா படிக்கிறானா சார்னு மட்டும் கேப்பேன், ரொம்ப ஆர்வமா படிக்கிறான்மான்னு சொல்லிட்டு அவுகளுக்கே வெக்கம் வந்து குடைய எடுத்துட்டுக் கெளம்பிருவாக. இன்னொருத்தர் மளிகைக்கடைக்காரர், மத்தியானம் கடைய சாத்திட்டு வந்து தினத்தந்திய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு, உள்ளுக்குள்ள ராணி காமிக்ஸ் இருக்கும். பேப்பர ஒரு மணி நேரமா பக்கமே திருப்பாம படிக்கிற ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தர்தான். பொம்பளைங்க இந்த விஷயத்துல கொஞ்சம் தேவல, புள்ளைக்கு சோறு ஊட்டக் கதை வேணும் மேடம்னு காரணம் சொல்லி எடுப்பாக, புள்ள காலேஜ் போன பிறகும் அதே காரணம்தான்.

நாங்க நூலக வேலைக்குப் படிக்கும்போது ரங்கநாதனோட நூலக அஞ்சு விதின்னு ஒண்ணு உண்டு, சீர்காழிக்காரர், 1931ல புத்தகமா போட்டது, பரீட்சைக்கு உருப்போட்டோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர்னு அதுல ரெண்டு விதி வரும். அவ்வளவுதான் இருக்கு. வாசகருக்கு என்ன வயசு, மீசை இருக்கா, ஐடி கம்பெனில டீம் லீடா இருக்காளான்னெல்லாம் அந்த மனுஷன் எங்கயும் போடல.

நீ கேக்கலாம், அம்மா அது சின்னப் புள்ளைகளுக்குன்னு எழுதுனதுதானேன்னு. எழுதுனவுக யாருன்னு கொஞ்சம் யோசி. நம்ம ராயவரத்துல 1922ல பொறந்தவரு குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, சக்தி பத்திரிகைல வேலை பாத்துட்டு அப்புறம் இந்தியன் பேங்க்குக்குப் போனாரு. பகலெல்லாம் வரவு செலவு லெட்ஜர், மிச்ச நேரம் மாம்பழமாம் மாம்பழம், மல்கோவா மாம்பழம்னு பாட்டு. பேங்க்ல ரிட்டயர் ஆனதும் வேற ஆளா இருந்தா கோயில் கோயிலா போயிருப்பாக, அவரு போயி கோகுலம் பத்திரிகைக்கு ஆசிரியரா உக்காந்தாரு. அந்தப் பக்கம் அரிமளம், உன் வாண்டுமாமா 1925ல பொறந்த ஊரு, நம்மூர்ல இருந்து பஸ்ஸு ஏறினா போயிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வந்துரலாம். தேவகோட்டைல தமிழ்வாணன், சங்கர்லால் துப்பறியும் கதை எழுதுறதுக்கு முன்னாடி அணில்னு சிறுவர் பத்திரிகை நடத்துனவரு. (இந்த வட்டாரத்துத் தண்ணில என்னமோ இருக்குன்னு உங்கப்பா சொல்லுவாக, தண்ணியே கிடையாது அதுல என்னத்த இருக்கும்னு நான் சொல்லுவேன்.) அம்புலிமாமால வேதாளத்தத் தோள்ல தூக்கிட்டு வாள உருவிக்கிட்டு நடக்குற அந்த விக்கிரமாதித்தன் படம், அத வரைஞ்ச சங்கர் கிட்டத்தட்ட அறுபது வருஷம் அதே பத்திரிகைக்கு வரைஞ்சாரு, 2020ல தொண்ணூத்தஞ்சு வயசு தாண்டித்தான் போனாரு. இதெல்லாம் வளந்த மனுஷங்க ஆயுசு முழுக்க ரசிச்சுச் செஞ்ச வேலை. அவுக எழுதி, அச்சுக் கோத்து, இன்னொரு பெரியவுக காசு குடுத்து வாங்கி, நடுவுல கொஞ்ச வருஷம் அது புள்ளைக கையில இருக்கு. அந்தக் கொஞ்ச வருஷம் முடிஞ்சதும் கீழ வச்சுரணும்னு யாரு சொன்னா? பால் பணியாரம் சின்ன வயசுல தின்னதுதானேன்னு இப்ப வேணாம்னா சொல்ற, லீவுல வந்தா சட்டியோட உக்காந்துக்கிற.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் ஆஹா ஓஹோன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்குத் தேனா இருந்தது இன்னைக்கு அப்படியே இருக்கும்னு நெனச்சு எடுத்தா சிலது நாலு பக்கத்துக்கு மேல ஓட மாட்டேங்குது. கறுப்பா இருந்தா திருடன், குண்டா இருந்தா சாப்பாட்டு ராமன், பொம்பளப் புள்ளைன்னா அண்ணனுக்குப் பயந்து அழணும். காட்டுல இருக்குற சனங்கன்னா எலும்ப மாட்டிக்கிட்டு கூத்தடிக்கணும், அவுகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்க வெளிய இருந்து ஒரு வெள்ளைக்காரன் முகமூடி போட்டுக்கிட்டு வரணும். அப்ப அது கண்ணுல படவே இல்ல, இப்பப் படுது, பட்டதும் மூடி வச்சுட்டேன். நீயும் மூடி வை, சின்ன வயசுல புடிச்சதுங்கறதுக்காக ஒண்ணும் கும்புடணும்னு இல்ல.

புடிச்சது பழசா நிக்காம வேற ஒண்ணா மாறுதே, அதத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அப்பா சிறுவனாக இருந்தபோது ஞாபகம் இருக்கா? ரஷ்யாக்காரர் ரஸ்கின் எழுதுனது, மாஸ்கோல இருந்து தமிழ்லயே அடிச்சு கப்பல்ல வந்து கம்மி விலைக்கு வித்த புக்கு, வழவழன்னு பேப்பர், நியூ செஞ்சுரி கண்காட்சில உங்கப்பா வாங்கியாந்தாக. உனக்கு அம்மை போட்டு வேப்பிலை மேல படுத்திருந்தப்ப திரும்பத் திரும்ப அதத்தான் படிக்கச் சொல்லுவ. புது பந்த ஓடுற காருக்கு அடியில உருட்டி விட்டுட்டு என்ன ஆகுதுன்னு பாக்குற அந்தச் சின்ன அப்பா கதைக்கு நீ சிரிச்ச சிரிப்புல அப்பத்தா ரெண்டாங்கட்டுல இருந்து ஓடியாந்துட்டாக. அன்னைக்கு உனக்கு அது குறும்புக்காரப் பையன் கதை. போன மாசம் நான் தனியா எடுத்துப் படிச்சேன், முன்னுரைல அவரு சொல்றாரு, மகளுக்கு ஒடம்பு சரியில்லாம போகும், காது வலிக்குதுன்னு அழுவா, நானும் சின்னப் பையனா இருந்தப்ப எனக்கும் காது வலிச்சுதுன்னு ஆரம்பிச்சு கதை கதையா சொன்னதுதான் இந்தப் புத்தகம்னு. அத நான் உனக்கு எத்தனை தடவ படிச்சிருப்பேன், அந்த முன்னுரைய விட்டுட்டு நேரா கதைக்குத்தானே போவோம், அதுதானே உனக்கு வேணும். நோவுல கெடக்குற புள்ள பக்கத்துல ராத்திரி முழிச்சு உக்காந்து, மாத்திரையும் குடுத்தாச்சு வேற என்ன செய்யிறதுன்னு தெரியாம தன்ன முட்டாளாக்கிச் சொல்லிச் சிரிக்க வைக்கிற ஒரு தகப்பன், இப்ப எனக்கு அந்தப் பந்து கதையவிட அந்த ஆளத்தான் தெரியுது. இது ஏழு வயசுல தெரியுமா, தெரியவும் வேணாம். ஒரே புக்குல ரெண்டு பேருக்கு ரெண்டு கதை வச்சிருக்கான் மனுஷன், பெரியவுகளுக்கு உள்ளத நம்ம போயி எடுத்துக்க வேண்டியதுதான்.

உங்க சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். அவன் காமிக்ஸ்ல வர்ற இரும்புக்கை மாயாவி மேல பைத்தியம், 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே அந்த மாயாவிய வச்சுத்தான். கரண்ட் ஷாக் வாங்குனா ஒடம்பு மறைஞ்சுரும், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும், இதப் படிச்சுட்டு முகப்புல இருந்த பிளக்குல கம்பிய விடப்போனவன ஐயா தூக்கிப் போட்டு மிதிச்சாக. இப்ப அவனுக்கு அறுபது தாண்டிருச்சு, தலை வழுக்கை, சுகரு, அந்த சிவகாசி காமிக்ஸ்காரவுக புதுசா அட்டை போட்டுப் பழசத் திரும்பக் கொண்டு வந்தா முன்பணம் கட்டி வாங்குறான். ஆகஸ்ட் மாசம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு டிக்கெட் போட்டுருவான், அங்க இவன மாதிரியே கண்ணாடி போட்ட ஆம்பளைங்க கூடி நின்னு எந்தக் கதை எந்த வருஷம்னு சண்டை போடுவாகளாம். அந்த புக்கெல்லாம் இன்னைக்கு நூறு நூறா விலை, எந்தப் புள்ளையும் பாக்கெட் மணில வாங்க முடியாது. வாங்கிப் பதிப்பகத்த நிக்க வச்சிருக்கிறதே இந்த மாதிரி வளந்த ஆளுங்கதான். அவன் யாருகிட்டயும் பேரனுக்குன்னு சொல்றதில்ல, பேரன் தொட்டா கத்துவான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவப் பத்தி உனக்குச் சொல்லிருக்கேன்ல, போர்டு எழுதுற கடை வச்சிருந்தாரு. புத்தகம் மட்டுமா, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவுக குப்பைல போட்டதையெல்லாம் சேத்து வீடு முழுக்க அடுக்கி வச்சிருந்தாரு. 1992ல அவரு போன பிறகு சிகாகோ யுனிவர்சிட்டி வந்து வாங்குச்சு, இப்ப சென்னைல பெரிய நூலகமா இருக்கு, வெளிநாட்டுல இருந்து வந்து படிக்கிறாக. நம்ம பக்கம் என்னன்னா வளவுல மரத்தூண வித்தாக, பெட்டகத்த வித்தாக, மேல் மாடில கெடந்த பைண்டு புக்க எடைக்குப் போட்டாக. காரைக்குடி பழைய சாமான் கடைல எனாமல் தூக்குச்சட்டிக்கு நடுவுல போன வாரம் ஒரு அம்புலிமாமா வால்யூம் பாத்தேன். முதல் பக்கத்துல ஒரு புள்ள பென்சில்ல பேரு எழுதி, கீழ இதைத் திருடாதேன்னு போட்டிருந்துச்சு. விலை சொன்னத உங்கப்பாகிட்ட பாதியாக்கிச் சொல்லிருக்கேன், நீ வாயத் தொறக்காத.

அந்த வால்யூம் வந்ததுல இருந்து வீட்டுல ஒரே சண்டை. வேதாளம் கதை பழசுல இருவத்தஞ்சுதான், அது தீந்த பிறகும் வேதாளம் மரத்துக்குப் போறத நிறுத்தல, பத்திரிகைக்காரவுகளே மாசா மாசம் புதுசா யோசிச்சு எழுதுனாக. சின்ன வயசுல கதைய ஓட்டிட்டு பதில் என்னன்னு கடைசிக்குத் தாவுவோம், ராஜா சொன்னா சரி, தலை வெடிக்கல, முடிஞ்சுது. இப்ப கேள்வியிலயே நின்னுருது. அந்த மூணு மாப்பிள்ளை கதை, அது பழைய இருவத்தஞ்சுல ஒண்ணு. பொண்ணக் கேட்டு மூணு பேரு வந்திருக்கான், கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே அவ செத்துப் போயிருவா. ஒருத்தன் சாம்பல்லயே படுத்துக் கெடக்கான், ஒருத்தன் எலும்ப எடுத்துட்டு கங்கைக்குப் போறான், ஒருத்தன் ஊர் சுத்தி மந்திரம் கத்துட்டு வந்து உசுப்பிர்றான். இப்ப அவ யாருக்கு? உசுரு குடுத்தவன் தகப்பன் மாதிரி, எலும்பக் கொண்டு போனவன் மகன் மாதிரி, சாம்பல்ல கெடந்தவன்தான் புருஷன்னு விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொல்றாரு. அதெப்படி, ஒரு வேலையும் பாக்காம படுத்துக் கெடந்தவனுக்குப் பொண்ணா, மந்திரம் கத்துட்டு வந்தவன் என்ன இளிச்சவாயனான்னு உங்கப்பா குதிக்கிறாக. விட்டுட்டுப் போகாம கூடவே கெடந்தான்ல அவன்தான் சரின்னு நான் முதல்ல சொன்னேன். அப்புறம் யோசிச்சா, அவதான் எந்திருச்சு உக்காந்துட்டாளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா வேதாளத்துக்கு என்ன கொறைஞ்சு போகும்? அதுக்கு உங்கப்பா இது கதைடீ, கதைல அதெல்லாம் கேக்க மாட்டாகங்கிறாக, ரெண்டு நாளா சாப்பிடுறப்பல்லாம் இதே பேச்சு. நீ என்ன சொல்ற? மாப்பிள்ளைகிட்டயும் கேளு, ஆனா அவரு சொல்றத எனக்குத் தனியா அனுப்பு, குடும்ப குரூப்புல போட்டா உங்கப்பா பாத்துட்டு அவரத் தன் பக்கம் சேத்துக்குவாக.

அம்மா